வயதான நாய்க்கு மூட்டுவலி: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

படுத்த இடத்திலிருந்து எழும்ப நாய் இரண்டு மூன்று தடவை முயல்கிறது. எழும்பியதும் பத்தடி விறைப்பாக நடந்து, பிறகு சரியாகிவிடுகிறது. படிக்கு முன்னால் நின்று யோசிக்கிறது. முன்னங்கால் மணிக்கட்டையோ பின்னங்கால் முட்டியையோ நக்கிக்கொண்டே இருக்கிறது. பெரிய இன நாய்களில் ஏழு வயதுக்குப் பிறகும் சிறியவற்றில் பத்து வயதை ஒட்டியும் இவற்றைக் கண்டால் மூட்டுத் தேய்வைச் சந்தேகிக்கலாம். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது. நம் கையில் இருப்பவை வலியைக் குறைத்தல், எடையை இறக்குதல், தசையைக் காப்பாற்றுதல் ஆகிய மூன்றும்தான்.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கிழமையில் எல்லாவற்றையும் தொடங்கிவிடுகிறார்கள்: குளிசை, மீன் எண்ணெய், மஞ்சள், புது உணவு, காலை நடை. ஐந்தாம் நாள் வயிற்றோட்டம் வந்தால் எதால் வந்தது என்று தெரியாது. நாய் தேறினாலும் எது தேற்றியது என்று தெரியாது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. கையில் இருக்கவேண்டியவை

மனிதர் எடை பார்க்கும் தராசு, சமையலறை டிஜிட்டல் தராசு, டிஜிட்டல் வெப்பமானி, ஊசி கழற்றிய 1 மற்றும் 5 மில்லிலீற்றர் சிரிஞ்சுகள், நெஞ்சைச் சுற்றிப் போடும் வார்ப்பட்டி, வழுக்காத இறப்பர் விரிப்பு, சுவரில் மாட்டும் கலண்டர். கழுத்துப்பட்டி மட்டும் போதாது. முதுகும் கழுத்தும் தேய்ந்த நாயைக் கழுத்தில் பிடித்து இழுத்தால் வலி கூடும்.

2. மருந்துக்கு முன் அளவெடுங்கள்

வைத்தியர் முன்னால் போனதும் பயத்தில் நாய் நொண்டலை மறைத்துவிடும். வீட்டில் காலையில் அது முதன்முதலாக எழும்பும் நேரம்தான் உண்மையைச் சொல்லும். அந்த நேரத்தில் மூன்று காணொளிகள் எடுங்கள்: படுக்கையிலிருந்து எழும்புவது, பத்தடி விலகிப் போய்த் திரும்பி வருவது, இடமும் வலமுமாக வட்டமிடுவது. தொலைபேசியை நாயின் தோள் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடியுங்கள். மேலிருந்து எடுத்த படத்தில் ஒன்றும் விளங்காது.

படத்தை மெதுவாக ஓட்டித் தலையைக் கவனியுங்கள். வலிக்கும் முன்னங்கால் நிலத்தில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். முன்னங்கால் எது என்பதில் வீட்டுக்காரர் மாறிச் சொல்வது சாதாரணம். பின்னங்கால் என்றால் இடுப்பின் ஒரு பக்கம் மற்றதை விட உயர எழும்பும், அல்லது முயல்போல இரண்டு காலையும் சேர்த்துத் தாவும்.

எடை பார்க்க நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். பின்னங்கால் நகங்களையும் பாருங்கள். நகத்தின் மேற்பக்கம் தேய்ந்திருந்தால் நாய் காலை இழுத்து நடக்கிறது, அப்போது பிரச்சினை முதுகு நரம்பில் இருக்கலாம். அதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

3. மூட்டுத் தேய்வுதானா என்று உறுதிசெய்யுங்கள்

எங்கள் திருகோணமலைப் பக்கத்தில் நொண்டும் நாய்க்கு முதலில் இல்லை என்று உறுதிசெய்யவேண்டியது உண்ணிக் காய்ச்சல். அதுவும் மூட்டைப் பிடிக்கும், விறைப்பாக நடக்கவைக்கும். நாயின் வழமையான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை. அதற்கு மேல் நின்றாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ, மூக்கால் இரத்தம் வந்தாலோ, சாப்பாட்டை வெறுத்தாலோ இரத்தப் பரிசோதனை செய்யாமல் வலிக்குளிசை தொடங்கவேண்டாம். உண்ணிக் காய்ச்சலில் இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும். அந்த நிலையில் வலிக்குளிசை கொடுத்தால் இரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

திடீரென்று ஒரே நாளில் ஒரு காலைத் தூக்கிவிட்டால் அது பெரும்பாலும் தேய்வு அல்ல. முழங்கால் தசைநார் அறுந்திருக்கலாம், பாதத்தில் முள்ளோ மீன்தூண்டிலோ ஏறியிருக்கலாம். பெரிய இன நாயில் ஒரு எலும்பு வீங்கி, நாளுக்கு நாள் வலி கூடினால் எலும்புப் புற்றுநோயையும் நினைக்கவேண்டும்.

எக்ஸ்றே எடுக்கச் சொன்னால் எடுங்கள். உள்ளூரில் வசதி கிடைக்காவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். ஹபரணை, தம்புள்ளை வழியாக நெடும்பயணம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறக்கி ஐந்து நிமிடம் நடக்கவிடாவிட்டால் அங்கே போய்ச் சேரும்போது நாய் எழும்பவே மாட்டாது.

4. அன்றைக்கே தரையை மாற்றுங்கள்

செலவு குறைந்த, பலன் உடனே தெரியும் வேலை இது. மாபிள் டைல்ஸும் பளபளப்பான சீமெந்துத் தரையும் நோயுள்ள நாய்க்கு ஈரப்பாசி மாதிரி. ஒவ்வொரு அடியிலும் வழுக்காமல் இருக்க அது தசையை இறுக்குகிறது, மாலைக்குள் களைத்துவிடுகிறது.

வீடு முழுக்க விரிக்கவேண்டாம். படுக்கை, தண்ணீர்ப் பாத்திரம், வாசல் மூன்றையும் இணைத்து 60 செ.மீ. அகலத்தில் ஒரு பாதை போதும். பழைய சாக்கை அப்படியே டைல்ஸ் மேல் போடுவதுதான் வழமையான பிழை. சாக்கு நாயோடு சேர்ந்து வழுக்கும், வெறும் தரையை விட மோசம். கீழே இறப்பர் வலை வைத்து அதன்மேல் சாக்கைத் தைத்தால் நிற்கும்.

நகத்தை மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை வெட்டுங்கள். நடக்கும்போது நகம் தரையில் தட்டும் சத்தம் கேட்டால் நீளம் கூடிவிட்டது என்று அர்த்தம். விரல்களுக்கு இடையில் முளைக்கும் முடியையும் கத்தரியுங்கள், அதுவும் வழுக்கும்.

படுக்கைக்கு 10 செ.மீ. தடிப்பான, இறுக்கமான பஞ்சு மெத்தை. உங்கள் முழங்கையை ஊன்றி அழுத்திப் பாருங்கள், தரை தட்டினால் அது படுக்கை அல்ல, துணி. மாரியில் சீமெந்து குளிர்ந்து ஈரம் ஏறும், அதனால் பலகை ஒன்றின்மேல் மெத்தையை வையுங்கள். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் நாய் மெத்தையை விட்டு வெறுந்தரையில் போய்ப் படுக்கும். அதைத் திட்டி இழுத்து வரவேண்டாம். ரெக்சின் உறையை எடுத்துப் பருத்தி விரிப்புப் போட்டு, படுக்கையைக் காற்று வரும் இடத்துக்கு மாற்றினால் தானாக வரும்.

5. வலிக்குளிசை: பிழைவிட இடமில்லாத படி

வீட்டில் இருக்கும் மருந்தைக் கொடுக்காதீர்கள். கணக்கைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். 5 கிலோ பொமரேனியனுக்கு 500 மில்லிகிராம் பனடோல் (பரசிட்டமோல்) ஒன்று கொடுத்தால் கிலோவுக்கு 100 மில்லிகிராம். அது ஈரலைப் பாதிக்கக்கூடிய அளவு. ஐபுப்ரொபென், டைக்ளோபெனாக், நப்ரொக்சன் மூன்றும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். டைக்ளோபெனாக் ஊசியும் அப்படித்தான். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம்: பூனைக்குப் பனடோல் ஒரு குளிசையே உயிரை எடுக்கும்.

மிருக வைத்தியர் வழமையாக எழுதுவது மெலொக்சிகாம் அல்லது கார்ப்ரொபென். மெலொக்சிகாம் முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், பிறகு நாளுக்கு ஒருமுறை 0.1. கார்ப்ரொபென் நாளுக்குக் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம், ஒரே தடவையாகவோ இரண்டாகப் பிரித்தோ. நீங்களாகத் தொடங்க இந்த எண்களைத் தரவில்லை. எழுதிய துண்டோடு வீட்டில் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கத்தான்.

விபத்து நடப்பது பெரும்பாலும் மெலொக்சிகாமில். பாமசியில் மனிதருக்கு விற்கும் குளிசை 7.5 அல்லது 15 மில்லிகிராம். 10 கிலோ நாய்க்கு நாளுக்கு வேண்டியது 1 மில்லிகிராம். “சின்னக் குளிசைதானே, பாதி கொடுப்போம்” என்று 7.5இல் பாதி கொடுத்தால் அது ஏறக்குறைய நான்கு மடங்கு. நாய்களுக்கான திரவம் மில்லிலீற்றருக்கு 1.5 மில்லிகிராம் செறிவில் கிடைத்தால் அதே நாய்க்கு 0.67 மில்லிலீற்றர். தேக்கரண்டியால் இதை அளக்கமுடியாது, 1 மில்லிலீற்றர் சிரிஞ்சு அதற்குத்தான்.

தொடங்கும் முன் ஈரல், சிறுநீரகம் இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் மறுபடியும், நீண்டநாள் கொடுப்பதென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும். எப்போதும் சாப்பாட்டோடு கொடுங்கள். நாய் சாப்பிடாத நாளில், வாந்தி எடுத்த நாளில், வயிற்றோட்டம் உள்ள நாளில் குளிசையை நிறுத்தி வைத்தியரைக் கேளுங்கள். உடலில் நீர் குறைந்திருக்கும்போது இந்த மருந்து சிறுநீரகத்தைத் தாக்கும். வெயில் காலத்தில் தண்ணீர்ப் பாத்திரத்தை இரண்டு இடத்தில் வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட்டோடு இவற்றைச் சேர்க்கவே கூடாது. சொறிக்கு வேறொருவரிடம் ஊசி போட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற ஒரு கிழமையளவு இடைவெளி விடுவார்கள். மலம் தார் போலக் கறுத்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே கொண்டு போங்கள்.

குளிசை மட்டும் போதாதபோது நரம்புவலிக்கான கபபென்டின் சேர்ப்பதுண்டு. முதல் நாட்களில் நாய் தள்ளாடும், தூங்கி வழியும். பயப்படவேண்டாம், ஆனால் படியருகே தனியாக விடாதீர்கள். மனிதருக்கான கபபென்டின் திரவத்தில் சைலிட்டோல் என்ற இனிப்பு இருக்கலாம், அது நாய்க்கு நஞ்சு. கப்சூலாகவே வாங்குங்கள்.

பலன் பார்க்க இரண்டிலிருந்து நான்கு கிழமை பொறுங்கள். மூன்றாம் நாள் நாய் துள்ளுகிறது என்று நீங்களாக நிறுத்தினால் ஐந்தாம் நாள் பழைய இடத்துக்கே வரும். அளவைக் குறைப்பதும் வைத்தியரோடு பேசித்தான்.

6. எடை: மெதுவாக, ஆனால் விடாமல்

கையை நீட்டிப் புறங்கையைத் தடவுங்கள். எலும்பு மெல்லிய தோலுக்குக் கீழே தெரியும். நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் எடை சரி. உள்ளங்கை மாதிரி மெத்தென்றிருந்தால் கூடுதல். பொத்திய முட்டியின் எலும்பு மாதிரிக் குத்தினால் மெலிவு, அந்த நாய்க்கு இந்தப் படி வேண்டாம்.

எடையில் 6 சதவீதம் குறைந்தாலே நொண்டல் குறைவதை ஆய்வில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 20 கிலோ நாய்க்கு அது 1.2 கிலோ. எட்டமுடியாத இலக்கு அல்ல.

அது இருக்கவேண்டிய எடை 15 கிலோ என்று வைப்போம். இளைக்கவைக்க நாளுக்கு ஏறக்குறைய 530 கலோரி போதும். தராசில் நிறுத்தால் இப்படி வரும்: அவித்த சோறு 150 கிராம், தோலில்லாமல் அவித்த கோழி அல்லது மீன் 150 கிராம், அவித்த பூசணியும் போஞ்சியும் சேர்த்து 150 கிராம், அவித்த முட்டை ஒன்று. இரண்டு வேளையாகப் பிரியுங்கள். உப்பு வேண்டாம், தேங்காய்ப்பால் வேண்டாம். மனிதருக்குச் சமைத்த கறியில் வெங்காயம் இருக்கும், அது நாயின் இரத்த அணுக்களை உடைக்கும். மாதக்கணக்கில் இதையே கொடுத்தால் சுண்ணாம்புச் சத்துக் குறையும். எவ்வளவு சேர்ப்பது என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

கிழமைக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் சரி. அதைவிட வேகமாக இறங்கினால் தசையும் கரைகிறது. இந்த நாய்க்குத் தசைதான் மூட்டைத் தாங்கும் கட்டு.

எடை குறையவில்லை என்றால் பாத்திரத்தைச் சந்தேகிக்காதீர்கள், தேநீர் நேரத்தைச் சந்தேகியுங்கள். ஒரு மாரி பிஸ்கட் சுமார் 25 கலோரி. அப்பா இரண்டு, பிள்ளை இரண்டு, பக்கத்து வீட்டு அன்ரி ஒரு துண்டு பாண் என்றால் நாளின் கணக்கில் கால்வாசி போய்விட்டது. வீட்டில் எல்லோரையும் இருத்திப் பேசாமல் இந்தப் படி நகராது. கரையோரத்தில் இருப்பவர்கள், நாய் மீன்வாடிப்பக்கம் போய் மீன்குடல் தின்கிறதா என்றும் பாருங்கள்.

7. மீன் எண்ணெய், மற்றவை

துணை மருந்துகளில் ஓரளவு நம்பக்கூடியது ஒமேகா-3. வேண்டியது அதிலுள்ள ஈ.பி.ஏ., டீ.எச்.ஏ. என்ற இரண்டு கொழுப்புகளும் சேர்ந்த கூட்டுத்தொகை, குளிசையின் மொத்த எடை அல்ல. சாதாரண 1000 மில்லிகிராம் மீன் எண்ணெய்க் குளிசையில் அது 300தான். கிலோவுக்கு 75 மில்லிகிராம் என்று எடுத்தால் 15 கிலோ நாய்க்கு ஏறக்குறைய நான்கு குளிசை. ஒன்றில் தொடங்கி மூன்று கிழமையில் நான்குக்கு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வயிறு இளகும். அதன் கலோரியையும் கணக்கில் சேருங்கள். கொட் லிவர் எண்ணெய் வேறு பொருள், அதை இந்த அளவில் கொடுத்தால் விற்றமின் ஏ கூடிவிடும். பலன் தெரிய ஆறு முதல் எட்டுக் கிழமை ஆகும்.

சூடை, சாளை மலிவாகக் கிடைக்கும் நாட்களில் அவையே நல்ல துணை. உப்பில்லாமல் அவித்து, முள் மசியும் வரை பிசைந்து கொடுங்கள். பச்சையாகக் கொடுத்தால் அவற்றிலுள்ள ஒரு நொதி விற்றமின் பி1ஐ அழிக்கும். கருவாடு உப்புக் கட்டி, வேண்டாம்.

குளுக்கோசமினுக்கு ஆதாரம் மெலிவு. காசு மிஞ்சினால் பாருங்கள். மனிதருக்குப் பூசும் பாம்களை நாய்க்குத் தேய்க்கவே வேண்டாம். கற்பூரத்தையும் வின்டர்கிரீன் எண்ணெயையும் அது நக்கி விழுங்கும்.

8. நடை, மணல், கடல்

குளிசை தொடங்கி ஒரு கிழமையாவது போனபிறகே நடை. வலியோடு நடக்கவைத்தால் நாய் காலைக் காப்பாற்றி நடந்து மற்ற மூட்டுகளைக் கெடுக்கும்.

நாளுக்கு இரண்டு தடவை, ஐந்து முதல் பத்து நிமிடம், வாரில் பிடித்து, மெதுவாக. கிழமைக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். மறுநாள் காலையில் விறைப்புக் கூடியிருந்தால் முதல்நாள் நடந்தது அதிகம், பாதியாகக் குறையுங்கள். ஆறு நாள் படுக்கவைத்து ஞாயிறு மட்டும் ஒரு மணித்தியாலம் கடற்கரைக்குக் கொண்டு போவதுதான் திங்கட்கிழமை நொண்டலின் காரணம்.

காலை ஆறரைக்கு முன், மாலை ஐந்தரைக்குப் பின். தார்வீதியில் புறங்கையை ஏழு விநாடி வைக்கமுடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. காய்ந்த மணல் கால் புதையும், மூட்டைத் திருகும். அலை வந்து போகும் ஓரத்தில் ஈரமாக இறுகிய மணலில் நடத்துங்கள். கோட்டைப்பக்கமும் நகரக் கடற்கரையும் மான்கள் உலாவும் இடம். எவ்வளவு நோயுள்ள நாயும் மானைக் கண்டால் ஒரு பாய்ச்சல் பாயும், அந்த ஒரு பாய்ச்சலில் ஒரு மாத வேலை போய்விடும். வாரைக் குட்டையாகப் பிடியுங்கள்.

தண்ணீர் உடல் எடையைத் தாங்குவதால் நீரில் நடப்பது நல்ல பயிற்சி. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி. நெஞ்சளவு நீரில், வார்ப்பட்டியோடு, மூன்று நிமிடத்தில் தொடங்குங்கள். உப்புநீரைக் குடிக்கவிடாமல் நல்ல தண்ணீர் கொண்டு போங்கள். வந்ததும் கழுவித் துடையுங்கள். வடகீழ்ப் பருவத்தில் கடலுக்கு இறக்கவேண்டாம்.

9. ஓட்டோவில் ஏற்றுவது

தூக்கும்போது வயிற்றின் நடுவில் கைபோட்டால் முதுகு வளைந்து வலிக்கும். ஒரு கை முன்னங்கால்களுக்கு முன்னால் நெஞ்சைச் சுற்றி, மற்றது பின்தொடைகளுக்குப் பின்னால். உங்கள் நெஞ்சோடு அணைத்து, முழங்காலை மடக்கி எழும்புங்கள். நாயின் முதுகு நிலத்துக்குச் சமாந்தரமாக இருக்கவேண்டும். 20 கிலோவுக்கு மேல் என்றால் இரண்டு பேர்.

தானாக நடக்கமுடிந்த ஆனால் பின்பக்கம் தளர்ந்த நாய்க்குக் குளிக்கும் துவாய் போதும். பின்னங்கால்களுக்கு முன்னால் வயிற்றுக்குக் கீழே கொடுத்து இரண்டு நுனியையும் மேலே பிடியுங்கள். தூக்கவேண்டாம், எடையில் கொஞ்சத்தை மட்டும் வாங்குங்கள்.

வாசல்படிக்குச் சரிவுப் பலகை: 30 செ.மீ. உயரத்துக்கு 120 செ.மீ. நீளம். மேலே தும்பு விரிப்பை ஆணி தலை தெரியாமல் அடியுங்கள். ஆடும் பலகையில் நாய் ஒருமுறை பயந்துவிட்டால் பிறகு ஏறாது.

வலியுள்ள நாய், வளர்த்தவரையும் கடிக்கும். காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தடுப்பூசி போட்ட சொந்த நாய் என்றாலும்.

10. சூடா, குளிரா, திடீர் மோசமானால்

நாள்பட்ட விறைப்புக்குச் சூடு. துவாயைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து, உங்கள் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; இதமாக இருந்தால் மூட்டில் 15 நிமிடம். மாரிக் காலைகளில் நடைக்கு முன் இதைச் செய்தால் முதல் பத்தடி இலகுவாகும். புதிதாக வீங்கி, தொட்டால் சுடும் மூட்டுக்குச் சூடு வைக்காதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம், முதல் இரண்டு நாளைக்கு.

திடீரென்று மோசமான நாளில் நடையை நிறுத்துங்கள், குளிசையின் அளவைக் கூட்டாதீர்கள். மூன்று நாளில் தேறாவிட்டால் வைத்தியர். எழும்பவே முடியாமல் போனால், பின்னங்கால் இழுபட்டால், சிறுநீர் தானாகப் போனால் காத்திருக்காமல் அன்றைக்கே.

கலண்டரில் ஒவ்வொரு இரவும் ஒரு குறி போடுங்கள்: தானாக எழும்பி, சாப்பிட்டு, வாசலுக்கு வந்து ஆளைப் பார்த்த நாள் நல்ல நாள். இரண்டு கிழமையில் கெட்ட நாட்கள் கூடுதலாக வந்தால் மருந்தை மாற்றிப் பார்க்கவேண்டும். மாற்றியும் அப்படியே என்றால் அமைதியாக உறங்கவைப்பது பற்றி வைத்தியரோடு பகலில், வீட்டார் எல்லோரும் இருக்கும்போது பேசி வைத்துக்கொள்ளுங்கள். யாரை எந்த இலக்கத்தில் கூப்பிடுவது, வீட்டுக்கு வருவாரா, எங்கே புதைப்பது என்பதையெல்லாம் அதே கலண்டரின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள்.